பெருங்காய டப்பாவிலும் கோதுமை!

"சப்பாத்தியை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. சோறும் ரசமும்தான் கொடுக்கிறோம். குழந்தை இன்னும் தேறவில்லையே!" என்று கவலைப்படும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் சமையலறை அலமாரியை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள க்ளூட்டன் என்னும் புரதம் ஆகாது. அது உள்ளே போனால் உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. வயிற்றுப்போக்கு, உப்புசம், ரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு என்று பல விதமாக அது வெளிப்படும். ஆயுள் முழுக்கப் பத்தியம் இருப்பதே இதற்குச் சிகிச்சை. கொஞ்சம் போனால் பரவாயில்லை என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

இது வடக்கத்தியர் வியாதி என்று பலர் நினைக்கிறோம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியாவில் 100 பேருக்கு 1.23 பேரிடமும், தெற்கே 0.10 பேரிடமும் இந்நோய்க்கு அடையாளமான எதிர்ப்பொருள் ரத்தத்தில் காணப்பட்டது உண்மைதான். ஆனால் இந்நோய்க்கு இடம்தரும் மரபணு தெற்கிலும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. பெரிதும் மாறுபட்டது கோதுமை உண்ணும் அளவுதான். இரண்டு வேளையும் சப்பாத்திக்குப் பழகிவிட்ட நமக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி.

சரி, ரொட்டியும் ரவையும் சேமியாவும் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். தெரியாத எதிரி பெருங்காயம். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் பிசின் மிகவும் காரமானது. அதை அப்படியே சமையலில் போட முடியாது. எனவே கருவேலம் பிசினும் ஏதேனும் ஒரு மாவும் கலந்து விற்கிறார்கள். உத்தரப் பிரதேசத்து ஹாத்ரஸ் இந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர். கலப்பது சட்டப்படி சரியானதே. கலக்கும் மாவு பெரும்பாலும் மைதாவாக இருப்பதுதான் சங்கடம். கட்டியாக இருந்தால் சுத்தமானது என்றும் எண்ண வேண்டாம், கட்டியிலும் மாவு உண்டு. டப்பாவைத் திருப்பி, 'கம்பவுண்டட் அஸஃபோடிடா' என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அரிசி மாவு கலந்ததும் கடைகளில் கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பெருங்காயம் போகும் இடமெல்லாம் கோதுமையும் போகிறது. சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, அப்பளம், முறுக்கு, ஊறுகாய் எதையும் விட்டுவிடாதீர்கள். ஊரிலிருந்து பாட்டி அன்போடு இடித்து அனுப்பும் பருப்புப் பொடிக்கு லேபிளே கிடையாது. என்ன காயம் போட்டீர்கள் என்று போனில் கேட்டுவிடுவது நல்லது. மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை.

லேபிளில் கோதுமைக்குப் பல பெயர்கள்: ஆட்டா, மைதா, சூஜி, தலியா, ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர். 'ஜௌ' என்றால் பார்லி. 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட்' என்பதும் பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவதே; குழந்தைகளுக்குப் பாலில் கலக்கும் சத்துப் பானங்கள் பலவற்றில் அது உண்டு. ராகி பிஸ்கட் என்று முன்புறம் கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால் பார்த்தால் மைதா முதலில் நிற்கும். எடையில் அதிகமானதைத்தான் பட்டியலில் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. சோயா சாஸிலும் கோதுமை உண்டு. பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டுமே சொல்லும்.

2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி க்ளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் 'கன்டெய்ன்ஸ்' என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். முதலில் அந்த வரியைத் தேடுங்கள். 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது. 'கோதுமை இல்லை' என்பது வேறு. அதில் பார்லி இருக்கலாம்.

லேபிள் காட்டிக்கொடுக்காத ஒன்று, தெருமுனை மாவு மில். கோதுமை அரைத்த கையோடு நம் அரிசியையும் கடலைப்பருப்பையும் போட்டால் மில்லில் தங்கிய மாவு அதில் சேரும். வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்ளுங்கள். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிப்பதும் கூடாது.

இதைப் படித்துவிட்டு, சந்தேகத்தின் பேரில் யாரும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் டாக்டர், பிறகு பத்தியம். வீட்டில் ஒருவருக்கு இருப்பது உறுதியானால் உடன்பிறந்தவர்களும் பெற்றோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பொங்கல் விழாவுக்குச் சங்கத்தில் சமைக்கும்போது, இப்படிப் பத்தியமிருக்கும் குழந்தை ஒன்று பந்தியில் உட்காரலாம். சாம்பார் கொதிக்கும் முன்பே சமையல்காரரிடம் பெருங்காய டப்பாவை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.