உள்ளரங்க உதைபந்தாட்ட லீக்குகள்: அவற்றின் போட்டியும் எதிர்காலமும்

நம் நாட்டிலே உதைபந்தாட்டம் என்றால், உருண்டைப் பந்தைக் காலால் உதைத்து ஆடும் ஆட்டத்தையே யாவரும் கருதுவர். அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டமோ வேறு. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும், முன்னோக்கி எறிந்தும், எதிர்த்தரப்பின் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி பெறுவதே அதன் நோக்கம். நம்மவர் அறிந்த றகர் ஆட்டத்துக்கு அது ஒருவகையில் உறவு முறையானது. 100 யார் நீளமும் 53 யாருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்ட திறந்த மைதானத்திலே, பக்கத்துக்குப் பதினொருவராக அதனை ஆடுவர். இவ்வாட்டத்தைச் சுருக்கிக் கூரையின்கீழ்க் கொண்டுவந்து, சம்பளம் பெறும் வீரரைக் கொண்டு நடத்த முனைந்த லீக்குகள், கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள் பல தோன்றின; பல மறைந்தன. அவற்றை ஒப்புநோக்கி, எவ்வகை லீக் நிலைக்கும், எவ்வகை நிலையாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாட்டத்தைக் கண்ணாற் காணாதவர்க்கும் இவ்வாராய்ச்சி பயன்படும். ஒரு சங்கம் எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு மாய்கிறது என்பதே இதன் உட்பொருளாதலின்.

ஆட்டத்தின் தோற்றம்

1981ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் மடிசன் சதுக்க அரங்கிலே உள்ளரங்கப் பந்தாட்டம் ஒன்று நடைபெற்றது. அது நம் காற்பந்தாட்டத்தின் உள்ளரங்க வடிவம். அதனைப் பார்த்திருந்த ஜிம் பொஸ்டர் என்பவருக்கு, அமெரிக்க உதைபந்தாட்டத்தையும் இவ்வாறு உள்ளே கொண்டுவந்தால் என்ன என்ற எண்ணம் உதித்தது. கையிலிருந்த கடித உறை ஒன்றின்மேல் அப்பொழுதே ஆடுகளத்தை வரைந்தார். 1986இல் இலினோய் மாநிலத்து ரொக்போர்ட் நகரிலே ஒரு வெள்ளோட்ட ஆட்டம் நடந்தது. மறு ஆண்டிலே சிக்காகோ, டென்வர், பிற்ஸ்பேர்க், வாஷிங்டன் ஆகிய நான்கு நகர்க் குழுக்களுடன் அரீனா லீக் தொடங்கிற்று. முதலாண்டு வெற்றிக் கிண்ணம் டென்வர் குழுவினரைச் சேர்ந்தது.

களத்தின் அளவைத் தெரிந்துகொண்ட முறையிலே ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்காவின் பெருநகர்களில் பனித்தள ஹொக்கிக்கென அமைந்த அரங்குகள் ஏராளம். பனித்தளத்தின் நீளம் 200 அடி. அகலம் 85 அடி. அதன்மேல் செயற்கைப் புல் விரித்தால் 50 யார் நீளக் களமும், இரு முனைகளிலும் 8 யார் ஆழமுள்ள எல்லைப் பகுதிகளும் அதற்குள் அடங்கிவிடும். ஆகவே புதிதாக அரங்கு கட்டவேண்டிய தேவையில்லை. கோடையிலே வெறுமையாய்க் கிடக்கும் கட்டடத்துக்கு வாடகை வரும். ஆட்டத்துக்கு இடமும் கிடைக்கும். பக்கத்துக்கு எண்மர் ஆடுவர். சுற்றிலும் மெத்தையிட்ட மதில் உண்டு; பார்வையாளர் அதனையடுத்தே அமர்ந்திருப்பர். கோல் கம்பங்களின் இருமருங்கும் உயர்ந்த வலைகள் கட்டப்பட்டிருக்கும். அவ்வலையிற் பட்டு மீளும் பந்து இன்னும் ஆட்டத்திலுள்ள பந்தே. தவறிய உதையொன்று வலையிற் பட்டுத் திரும்ப, அதனை எதிர்த்தரப்பினர் பற்றிக்கொண்டு ஓடுவது இவ்வாட்டத்தின் தனிச்சுவை. ஆரம்ப காலத்தில் வீரர் பெரும்பாலோர் தாக்குதலிலும் தடுப்பிலும் மாறிமாறி ஆடவேண்டும் என்ற விதியும் இருந்தது.

வலையும் ஆக்கவுரிமையும்

இவ்வாட்டத்துக்குப் பொஸ்டர் 1990ஆம் ஆண்டிலே ஆக்கவுரிமை பெற்றார். ஒரு விளையாட்டுக்கு ஆக்கவுரிமை இருப்பது அரிது. அதன் விளைவாக, மீள்வலையைப் பிற லீக்குகள் பயன்படுத்த இயலாதாயிற்று. 1998 தொடக்கம் தோன்றிய போட்டி லீக்குகள் வலையின்றியே ஆடின. வலையின்றி ஆடும் ஆட்டமும் மக்களைக் கவர்ந்தது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. சிறு நகரத்தவர்க்கு வேண்டியது தம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு குழுவும், மாலைப் பொழுதிற் குடும்பத்தோடு சென்று மகிழ ஓர் இடமுமே. அந்த ஆக்கவுரிமை 2007இல் காலாவதியாயிற்று. ஆயினும் போட்டி லீக்குகளுள் முதன்மை பெற்றது இன்றும் வலையின்றியே ஆடுகிறது. புதுமை ஒன்றினாலேயே ஒரு நிறுவனத்தைக் காக்கமுடியாது என்பதற்கு இது சான்று.

பெருமையும் வீழ்ச்சியும்

அரீனா லீக்கின் புகழ்க்காலம் 2000ஐ அடுத்த ஆண்டுகளாகும். அக்குழுவொன்றில் ஆடிய கேர்ட் வோர்னரின் வரலாறு அப்புகழைப் பெருக்கிற்று. பெரிய லீக் குழுவொன்றினால் 1994இல் விலக்கப்பட்டு, கடையொன்றிலே இரவு வேளையிற் பொருள்களை அடுக்கி வாழ்ந்த அவர், 1995 முதல் 1997 வரை ஐயோவா குழுவில் ஆடினார். 2000ஆம் ஆண்டு சனவரியிலே பெரிய லீக்கின் இறுதியாட்டத்தில் வெற்றி பெற்று, அவ்வாட்டத்தின் சிறந்த வீரராகவும் தெரிவானார். 2003 முதல் 2006 வரை என்.பி.சி. தொலைக்காட்சி அரீனா ஆட்டங்களை ஒளிபரப்பியது. பெரிய லீக்கின் செல்வர்கள் உள்ளரங்கக் குழுக்களுக்கும் உரிமையாளராயினர். 2008இலே ஆட்டமொன்றுக்குச் சராசரி 12,000க்கு மேற்பட்ட மக்கள் வந்தனர்.

அவ்வாண்டு டிசெம்பரிலேயே, அடுத்த பருவத்தை நிறுத்திவைப்பதென உரிமையாளர் தீர்மானித்தனர். 2009இல் லீக் வங்குரோத்தடைந்தது. கூட்டம் குறைந்ததால் அன்று. செலவு வரவை மீறியதால் வந்த வினை அது. தொலைக்காட்சி உரிமைக்கு என்.பி.சி. முன்பணம் கொடுக்கவில்லை; விளம்பர வருவாயிற் பங்கு மட்டுமே கொடுத்தது. வீரர் சம்பளமோ உயர்ந்துகொண்டே சென்றது. புதிதாகச் சேரும் குழுக்கள் கட்டிய நுழைவுப் பணம் பற்றாக்குறையை மறைத்து நின்றது. புதிய அங்கத்தவர் பணத்திலே பழைய கணக்கைத் தீர்க்கும் சீட்டு எத்தனை நாள் ஓடும் என்பதை நாம் அறிவோம்.

2010இலே லீக் மீண்டும் தொடங்கிற்று. ஆயினும் குழுக்கள் படிப்படியாய் விலகின. 1987இல் நான்கு குழுக்களோடு பிறந்த லீக், 2018இல் மீண்டும் நான்கு குழுக்களாய்ச் சுருங்கிற்று. 2019ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டாம் முறையாகவும் வங்குரோத்தை நாடியது.

சிக்கன வழி

இதற்கு மாறானது இன்டோர் லீக்கின் வரலாறு. இரு சிறு லீக்குகள் 2008இலே ஒன்றுசேர்ந்து இதனை அமைத்தன. 2009இலே இது ஆட்டம் தொடங்கிற்று. இடைநிலை நகரங்களே இதன் நிலைக்களன். வீரர் பெறுவது ஆட்டமொன்றுக்குச் சில நூறு டொலரும் தங்குமிடமுமே. கூடிய மட்டும் அண்மையிலுள்ள ஊர்களுக்குப் பேருந்திற் பயணம் செய்வர்.

இச்சிக்கனத்தின் காரணம் எளிதில் விளங்கும். ஒரு குழு தன் ஊரிலே ஆடுவது ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு இரவுகளே. அரங்க வாடகை, பயணம், காயமுறும் வீரர்க்கான காப்புறுதி, அலுவலகச் செலவு எல்லாவற்றுக்கும் அவ்வெட்டு இரவுகளின் வரும்படியே ஆதாரம். காப்புறுதிக் கட்டணம் ஒன்றே பல சிறு குழுக்களைக் கவிழ்த்திருக்கிறது. ஒரு குழு பருவ நடுவிலே மூடப்பட்டால் எஞ்சியவற்றின் ஆட்ட அட்டவணை குலையும். அவற்றின் வரும்படியும் குறையும். ஆதலால் லீக்கிலுள்ள மெலிந்த உறுப்பினரே ஏனையோரின் ஆயுளையும் நிர்ணயிக்கின்றனர்.

இன்டோர் லீக்குக்கும் தளர்ச்சி இல்லாமலில்லை. 19 குழுக்களுடன் தொடங்கிய அது, 2018இல் ஆறாகக் குறைந்தது. தொற்றுநோய் பரவிய 2020இலே பருவம் கைவிடப்பட்டது. எனினும் 2021இலே மீண்டெழுந்து, பின்னர் பத்துக்கு மேற்பட்ட குழுக்களாய்ப் பெருகிற்று. அரீனா லீக்கைக் கைவிட்ட ஐயோவா, அரிசோனா முதலிய குழுக்களும் இதனையே நாடின. 2017இலே புதிதாய்ச் சேர்ந்த அரிசோனா குழு, அதற்கு முந்திய ஆறு ஆண்டுகளும் தொடர்ந்து கிண்ணம் பெற்றிருந்த தென் டக்கோட்டாவின் சூ போல்ஸ் குழுவை இறுதியாட்டத்தில் வென்றது.

2024ஆம் ஆண்டின் படிப்பினை

2024இலே அரீனா லீக் என்ற பழம்பெயர் இரண்டாம் முறையாக உயிர்ப்பிக்கப்பட்டது. 16 குழுக்கள் பங்குபற்றும் என்று அறிவிக்கப்பட்டது. ஏப்பிரல் இறுதியிலே ஆட்டம் தொடங்கிச் சில வாரங்களுக்குள் ஏறத்தாழப் பாதிக் குழுக்கள் உதிர்ந்தன. ஆணையாளர் மாற்றப்பட்டார். சில குழுக்களின் வீரர்க்குச் சம்பளம் கிடைக்கவில்லை. இதுவே இவ்வரலாற்றின் வேதனை மிக்க பகுதி. உரிமையாளர் இழப்பது மூலதனத்தின் ஒரு பகுதியை. தன் வேலையை விட்டு, வேற்றூரிலே விடுதியில் தங்கி, மீண்டும் வாய்க்கப் பெறாத இளமைப் பருவமொன்றைச் செலவிட்ட வீரன் இழப்பது அதனினும் பெரிது. எஞ்சிய குழுக்களோ மனந்தளராது பருவத்தை நிறைவு செய்தன. மொன்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் குழு கிண்ணம் பெற்றது. பின்னர், எஞ்சியோர் பலர் கூடி ‘அரீனா புட்போல் வன்’ என்னும் புதிய லீக்கை அமைத்து, 2025இலே ஆடினர்.

எதிர்காலம்

இவற்றுள் எதற்கு எதிர்காலம் உண்டு? வலையும் பழம்புகழும் கவர்ச்சியும் அரீனா மரபின் பக்கம் உள்ளன. இடையறாத பழக்கமும் சிக்கனமும் இன்டோர் லீக்கின் பக்கம் உள்ளன. எம் கருத்தில், பின்னையதன் அடித்தளமே உறுதியானது. புதிய அரீனா லீக்கும் அளவறிந்து ஆடுமாயின் அதற்கும் இடமுண்டு. ஆனால் இரண்டும் ஒரே ஊர்களுக்கும் ஒரே வீரர்க்கும் போட்டியிட்டு நுழைவு விதிகளைத் தளர்த்துமாயின், இரண்டும் மெலியும். சேர விரும்பும் ஒவ்வொரு குழுவிடமும் ஒரு பருவச் சம்பளத்துக்கான பணத்தை முன்கூட்டியே ஈடாகப் பெறுதல் வேண்டும். குழுக்களின் தொகையைப் பெருக்கிக் காட்டுவதினும், உள்ளவற்றைப் பருவ முடிவு வரை கொண்டுசெல்வதே லீக்கின் கடமையெனக் கொள்ளுதல் வேண்டும்.

வருவாய் சிறிதாயினும் கேடில்லை, செலவு அகலாதிருப்பின் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்துள்ளார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது நம் பாட்டிமார் வாக்கு. இவ்வுள்ளரங்க ஆட்டத்தின் நாற்பதாண்டு வரலாறும் இதனையே கூறுகின்றது. மாநாடு கூட்டிப் பெரும்பெயர் சூட்டிய லீக்குகள் பல மறைந்துபோயின. லீக்குகள் மாறிய போதும், ஐயோவாவிலும் அரிசோனாவிலும் தம் ஊர்க் குழு ஆடும் இரவிலே மக்கள் அரங்குக்கு வந்துகொண்டேயிருந்தனர். அவர்கள் வரவை நம்பிக் கணக்கு எழுதியவர்களே நிலைத்தனர். இனி நிலைப்பவர்களும் அவர்களே.