வழியோரத்துக் கூக்குரல்: மாற்கு சுவிசேஷம் காட்டும் சீஷத்துவம்





எங்கள் மருத்துவமனையில் காலை வேலை தொடங்குமுன் டாக்டர்களும் நர்சுகளும் மற்ற ஊழியர்களும் சிற்றாலயத்தில் கூடி, ஒரு வேதபகுதியை வாசித்து ஜெபிப்பது வழக்கம் என்பதை அறிவீர்கள். அண்மையில் அங்கே மாற்கு எழுதின சுவிசேஷத்தைத் தொடர்ந்து தியானித்தோம். அதன் நடுப்பகுதியாகிய 8:22 முதல் 10:52 வரையுள்ள வசனங்கள் எங்களில் பலரைத் தொட்டன. என்னைக் குத்தவும் செய்தன. அதை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வேதாகமத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. விரைந்து செல்லும் சுவிசேஷம்

நான்கு சுவிசேஷங்களிலும் மாற்கு சுவிசேஷமே சிறியது. 16 அதிகாரங்கள்தான். ஒரே மூச்சில் உட்கார்ந்து வாசித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். இயேசுவின் பிறப்பைப்பற்றியோ வம்ச வரலாற்றைப்பற்றியோ இதில் ஒன்றும் இல்லை. "உடனே" என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் சுமார் 40 முறை வருகிறது. ஆண்டவர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு விரைந்து போய்க்கொண்டே இருக்கிறார். எருசலேமை அடைந்ததும் அந்த வேகம் தணிகிறது. 11ஆம் அதிகாரம் முதல் கடைசிவரை ஏறக்குறைய எல்லாமே அங்கே கழிந்த ஒரு வாரத்தின் விவரந்தான்.

இந்த இரண்டு பாகங்களுக்கும் நடுவே, வடக்கே எர்மோன் மலையடிவாரத்திலிருந்து தெற்கே எருசலேமை நோக்கிப் போகும் நீண்ட பயணம் இருக்கிறது. அதுவே நம் பாடம். "வழியிலே" என்ற சொல் இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். ஆண்டவர் தம்முடைய சீஷர்களுக்கு நடந்துகொண்டே பாடம் சொன்னார்.

2. தொடக்கத்தில் ஒரு குருடன், முடிவில் ஒரு குருடன்

இந்தப் பயணத்தின் தொடக்கத்தில் பெத்சாயிதாவில் ஒரு குருடனை ஆண்டவரிடத்தில் கொண்டுவருகிறார்கள் (8:22-26). முடிவில் எரிகோவின் வழியோரத்தில் பர்திமேயு என்ற குருடன் உட்கார்ந்திருக்கிறான் (10:46-52). இருவரும் பார்வையடைகிறார்கள். இந்த இரண்டு அற்புதங்களுக்கு நடுவில்தான் சீஷத்துவத்தைப்பற்றிய போதனை முழுவதும் வைக்கப்பட்டிருக்கிறது. மாற்கு காரணமில்லாமல் இப்படி அமைக்கவில்லை.

பெத்சாயிதாவில் நடந்த அற்புதம் மற்ற சுவிசேஷங்களில் இல்லை. அதில் ஒரு விசேஷம் உண்டு. ஆண்டவர் முதல்முறை தொட்டபோது அந்த மனிதனுக்கு அரைகுறையாகவே தெரிகிறது. நடக்கிற மனிதர்கள் மரங்களைப்போல் தோன்றுகிறார்கள். மறுபடியும் கைகளை வைத்தபிறகுதான் தெளிவாய்ப் பார்க்கிறான். ஆண்டவருக்கு வல்லமை குறைந்துபோயிற்றா? இல்லை. அடுத்த சம்பவத்தை வாசியுங்கள், விளங்கும்.

பிலிப்புச் செசரியாவுக்கு அடுத்த கிராமங்களுக்குப் போகும் வழியில் பேதுரு, இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறான். எவ்வளவு தெளிவான பார்வை! ஆனால் தாம் பாடுபட்டு மரிக்கவேண்டும் என்று ஆண்டவர் சொன்னவுடனே, அதே பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறான். கிறிஸ்து தெரிகிறார், சிலுவை தெரியவில்லை. முதல் தொடுதலைப் பெற்று, இரண்டாம் தொடுதலுக்குக் காத்திருக்கும் மனிதன் அவன்.

கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப்பின் கட்டு அவிழ்க்கும்போது சில நோயாளிகள், "வெளிச்சம் தெரியுதுங்க, முகந்தான் சரியாத் தெரியல" என்பார்கள். சில நாட்கள் கழித்து, கண்ணாடியும் போட்டபின்பே முகங்கள் தெளிவாகும். நம் விசுவாச வாழ்க்கையும் அப்படித்தான். இரட்சிக்கப்பட்ட நாளை நன்றாய் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் பக்கத்தில் இருப்பவன் இன்னும் நமக்கு மரமாகத்தானே தெரிகிறான்?

3. மூன்றுமுறை சொன்னார், மூன்றுமுறை தவறினார்கள்

தமது பாடுகளை ஆண்டவர் இந்தப் பயணத்தில் மூன்றுமுறை முன்னறிவிக்கிறார் (8:31, 9:31, 10:33-34). ஒவ்வொரு முறையும் சீஷர்கள் தவறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர் பொறுமையாய் மறுபடியும் போதிக்கிறார்.

முதல்முறை பேதுரு தடுத்தான். தம் பின்னே வர விரும்புகிறவன் தன்னையே வெறுத்துச் சிலுவையை எடுக்கவேண்டும் என்று ஆண்டவர் போதித்தார்.

இரண்டாம்முறை, தங்களில் யார் பெரியவன் என்று வழியெல்லாம் தர்க்கம் பண்ணினார்கள். கப்பர்நகூமில் வீட்டுக்குள் வந்து அவர் விசாரித்தபோது வெட்கப்பட்டு வாயடைத்து நின்றார்கள். அவர் ஒரு சிறுபிள்ளையை நடுவே நிறுத்தி, அதை அணைத்துக்கொண்டு, முதல்வனாயிருக்க விரும்புகிறவன் எல்லாருக்கும் ஊழியக்காரனாகவேண்டும் என்றார்.

மூன்றாம்முறை செபெதேயுவின் குமாரராகிய யாக்கோபும் யோவானும் அவருடைய மகிமையில் வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம் கேட்டார்கள். மற்றப் பத்துப்பேருக்கும் எரிச்சல் வந்தது. தமக்கு ஊழியம் செய்யப்படுவதற்காக அல்லாமல், பிறருக்கு ஊழியம் செய்யவும் தம் ஜீவனையே கொடுக்கவும் வந்ததாக ஆண்டவர் சொன்னது அப்போதுதான்.

பிரியமானவர்களே, இது அந்தப் பன்னிருவரோடு முடிந்துபோன கதையா? வலதுபக்கம் யாருக்கு, இடதுபக்கம் யாருக்கு என்ற கேள்வி நம் சபைத் தேர்தல்களில் எழும்புவதில்லையா? ஆஸ்பத்திரிக் கமிட்டிகளிலும் எழும்புகிறது என்பதை நான் மறைக்கவில்லை.

இந்தக் குறைகளை மாற்கு ஏன் மறைக்காமல் எழுதினார்? இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பாப்பியா என்ற கண்காணி, மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளராயிருந்து, அவர் சொன்னவற்றை எழுதிவைத்தார் என்று கூறியிருக்கிறார். அப்படியானால் பேதுருவின் தவறுகளைப் பேதுருவே சபையாரிடம் சொல்லியிருக்கவேண்டும். தன் குருட்டுத்தனத்தை ஒத்துக்கொள்கிறவனுக்குத்தான் இரண்டாம் தொடுதல் கிடைக்கிறது.

4. எரிகோவில் அதட்டினவர்கள்

இப்போது எரிகோவுக்கு வருவோம். கடல்மட்டத்துக்கும் சுமார் 250 மீட்டர் தாழ்ந்த ஊர் அது. அங்கிருந்து எருசலேமுக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரம். அதற்குள் சுமார் 1,000 மீட்டர் ஏறவேண்டும். அந்த ஏற்றத்தின் முடிவில் சிலுவை காத்திருக்கிறது. ஆண்டவர் மனதில் எவ்வளவு பாரம் இருந்திருக்கும்!

வழியோரத்தில் ஒரு பிச்சைக்காரன் தாவீதின் குமாரனைக் கூவி அழைத்து, இரக்கத்துக்காகக் கெஞ்சுகிறான். அவனைப் பேசாதிருக்கச் சொல்லி அதட்டினவர்கள் யார்? ஆண்டவரோடு நடந்துவந்த கூட்டத்தில் அநேகர். சற்றுமுன் 10:13இல், பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டினவர்கள் சீஷர்களே. பேதுரு ஆண்டவரைக் கடிந்துகொண்டான் என்கிற இடத்திலும் கிரேக்கத்தில் அதே சொல்தான் இருக்கிறது. ஆண்டவருக்கு அருகில் இருப்பவர்களே மற்றவர்களுக்குக் கதவை அடைத்துவிடக்கூடும் என்பது மாற்கு தரும் எச்சரிப்பு.

இந்த இடத்தில் என்னைப்பற்றிய ஒரு காரியத்தை அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன், காலை ஜெபத்தில் நான் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது சிற்றாலய வாசலில் ஒரு கிராமத்துப் பெரியவர் வந்து நின்று, "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டார். அவர் ஓ.பி. சீட்டுக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நானாக எண்ணிக்கொண்டு, "பெரியவரே, ஜெபம் நடக்குது, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க" என்று சொல்லிவிட்டுப் பிரசங்கத்தைத் தொடர்ந்தேன். அவர் பேசாமல் நின்றார். சுமார் பத்து நிமிடம் கழித்து, பின்வரிசையில் இருந்த நர்ஸ் ஒருவர் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்று, "என்னங்கையா வேணும்?" என்று கேட்டார். அவருடைய மகள் பிரசவ வேதனையோடும் இரத்தப்போக்கோடும் வெளியே ஆட்டோவில் படுத்திருந்தாள்.

கர்த்தருடைய கிருபையால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் இன்றும் என் மனதை உறுத்துகிறது. அன்று சீஷத்துவத்தைப்பற்றிப் பேசினவன் நான். அதைச் செய்துகாட்டினவர் அந்த நர்ஸ்.

5. நின்று கேட்ட ஆண்டவர்

பர்திமேயுவின் சத்தத்தைக் கேட்டு இயேசு நின்றார். அதட்டினவர்களைக்கொண்டே அவனை அழைப்பித்தார். அவன் தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்துவருகிறான். சற்றுமுன் இதே அதிகாரத்தில் ஓர் ஐசுவரியவான் தன் ஆஸ்தியை விட மனதில்லாமல் துக்கத்தோடு போய்விட்டான். பிச்சைக்காரனோ தன்னிடமிருந்த ஒரே துணியை எறிந்துவிட்டு வருகிறான்!

அவன் குருடன் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தாம் அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று ஆண்டவர் அவனையே கேட்கிறார். யாக்கோபையும் யோவானையும் கேட்ட அதே கேள்வி இது (10:36, 10:51). அவர்கள் நாற்காலி கேட்டார்கள். இவன் பார்வை கேட்டான்; பெற்றான்; அந்த வழியிலேயே இயேசுவுக்குப் பின்சென்றான்.

6. திண்டிவனத்தில் கேட்ட மூன்று குரல்கள்

நம் நாட்டு மருத்துவ ஊழியத்திலும் இப்படி ஒரு குரல் ஒரு வாழ்க்கையைத் திருப்பியதுண்டு. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டர், தன் பெற்றோரைப்போல் மிஷனரியாக விரும்பாதவர். அமெரிக்காவில் படித்தபின், நோயுற்ற தாயாரைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். அப்போது ஒரே இரவில், ஒருவர்பின் ஒருவராய் மூன்று கணவன்மார் பங்களா வாசலுக்கு வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவும்படி அவரை அழைத்தார்கள். டாக்டராகிய அவருடைய தகப்பனாரை அனுப்புவதாகச் சொன்னபோது, ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்தக் குரல்கள் அவரை விடவில்லை. அவர் மருத்துவம் படித்து 1899இல் பட்டம் பெற்று, 1900இல் இந்தியாவுக்குத் திரும்பினார். வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஊழியத்தைத் தொடங்கினார். ஷெல் என்ற அமெரிக்கர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலர் காணிக்கையால், 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழும்பியது. பின்னாட்களில் அது கண் மருத்துவமனையாயிற்று. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கியது. கேட்ட காதும் கொடுத்த கையும் அங்கே சேர்ந்து வேலை செய்தன.

7. இன்று நாம் செய்யவேண்டியது

முதலாவது, இந்த மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகலில் மாற்கு சுவிசேஷம் முழுவதையும் குடும்பமாய் உட்கார்ந்து சத்தமாய் வாசியுங்கள். பிறகு 8:22 முதல் 10:52 வரை தினம் சில வசனங்களாய்த் தியானியுங்கள். ஒவ்வொரு நாளும் இரண்டு கேள்விகள் போதும்: இங்கே ஆண்டவர் யாரைக் கவனிக்கிறார்? நான் யாருடைய இடத்தில் நிற்கிறேன்?

இரண்டாவது, நீங்கள் அதட்டி அமர்த்தின ஒரு குரலை நினைத்துப்பாருங்கள். திண்ணையிலிருந்து அடிக்கடி கூப்பிடும் வயதான மாமியாராயிருக்கலாம். சம்பள முன்பணம் கேட்டுத் தயங்கி நின்ற வேலைக்காரம்மாவாயிருக்கலாம். ஆலயத்தில் யாரும் பேசாத பின்வரிசைக் குடும்பமாயிருக்கலாம். போய், என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதிலை அவர்கள் வாயிலிருந்தே கேளுங்கள்.

மூன்றாவது, காணிக்கையைக் குறித்து ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு ரூபாய்க்காகவும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் மணியார்டர் அனுப்பினாலும் காசோலை அனுப்பினாலும், உங்கள் வழியோரத்தில் கூப்பிடுகிறவனுக்கு அது பதிலாகாது. அவனுக்காக நீங்கள்தான் நிற்கவேண்டும். இங்கே வாசலுக்கு வருகிறவனுக்காக நாங்கள் நிற்கவேண்டும். அவர்களை அதட்டாமல் இருக்க எங்களுக்குக் கிருபை கிடைக்கும்படி ஜெபியுங்கள்.

நாம் தவறினவர்களென்று சோர்ந்துபோக வேண்டாம். கெத்செமனேயில் சீஷர்கள் எல்லாரும் ஓடிப்போனார்கள், பேதுரு மறுதலித்தான். ஆனால் வெறுமையான கல்லறையில் பெண்களுக்குக் கிடைத்த செய்தியில், சீஷர்களோடு பேதுருவின் பெயரும் தனியாகச் சொல்லப்பட்டது. கலிலேயாவில் ஆண்டவர் அவர்களுக்கு முன்னே போகிறார் (16:7). பாடம் தொடங்கின இடத்திலேயே, மறுபடியும் தொடங்கலாம் வாருங்கள் என்கிறார்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்