நாலு இருக்கை, ஓர் ஆள்

கார்ப்பூல் செயலி செய்யக் கிளம்பும் மாணவர்கள் எடுத்த எடுப்பில் வரைபடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதைவிடக் கடினமான வேலை ஒன்று இருக்கிறது: முன்பின் தெரியாதவர் காரில் ஒருவரை ஏறவைப்பது.

இதில் இறங்கிப் பார்த்தவர்களில் ஒருவர் லோகன் கிரீன். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் படித்த அவர், ஜிம்பாப்வேக்குப் போனபோது வேன்களில் மக்கள் நெருக்கியடித்துச் சேர்ந்து போவதைப் பார்த்தார். 2007-இல் அவர் தொடங்கிய 'ஜிம்ரைடு' கார்ப்பூல் தளத்தின் பெயர் அங்கிருந்துதான் வந்தது. கூட்டாளி ஜான் ஜிம்மரின் பெயரோடு ஒத்துப்போனது தற்செயல்.

தொடக்க காலத்திலேயே அது கால் பதித்த இடம் கார்னெல் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் இருக்கும் இத்தாக்கா ஊருக்குப் பயணிகள் ரயில் கிடையாது. நியூயார்க் நகரம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். விடுமுறை விட்டால் பலருக்கும் ஒரே திசை. தவளை வேஷம் போட்டுத் துண்டுச்சீட்டு கொடுத்து ஆள் சேர்த்தார்கள்.

நம்பிக்கைக்கு ஃபேஸ்புக் கணக்கும் கல்லூரி மின்னஞ்சலும் கைகொடுத்தன. யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கிற வேலையை அவை பார்த்துக்கொண்டன. கல்லூரி வாசலைத் தாண்டினால் இந்தச் சௌகரியம் இல்லை.

அடுத்தது பொருத்தம் பார்ப்பது. கார்னெல் வளாகத்தின் இருபுறமும் ஆழமான ஓடைப் பள்ளங்கள். வரைபடத்தில் கூப்பிடு தூரத்தில் இருப்பவரை ஏற்ற, பாலம் தேடிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஆகவே தூரத்தை நம்பக் கூடாது. ஓட்டுபவருக்கு எத்தனை நிமிஷம் கூடுதலாகிறது என்பதுதான் கணக்கு. நாலு மணிக்குக் கிளம்புகிறவரையும் நாலரைக்கு வகுப்பு முடிகிறவரையும் சேர்க்கலாமா என்பதை அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது. பணத்தைப் பெட்ரோல் செலவில் அவரவர் பங்கோடு நிறுத்த வேண்டும். லாபம் புகுந்தால் அது வாடகை வண்டி; சட்டமும் காப்பீடும் வேறாகிவிடும்.

இவ்வளவும் சரியாக அமைந்தும் ஒரு குறை தீரவில்லை. மாணவர் வருஷத்துக்கு எத்தனை தடவைதான் ஊருக்குப் போவார்? இடைப்பட்ட மாதங்களில் யாரும் தளத்தை எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் 2012-இல் கிரீனும் ஜிம்மரும் நகருக்குள் அன்றாடச் சவாரிக்கென்று 'லிஃப்ட்' தொடங்கினார்கள். மறு வருஷமே ஜிம்ரைடை, கார் வாடகைக்கு விடும் என்டர்பிரைஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள்.