தமிழக நீர்நிலைகளில் கெண்டை மீன்பிடிப்பு

கெண்டை என்பது ஒரே மீனின் பெயர் அன்று. சிப்ரினிடே குடும்பத்தைச் சேர்ந்த பல இன மீன்களுக்குத் தமிழில் வழங்கும் பொதுப்பெயர் அது. விரல் நீளம்கூட வளராத கெண்டைப்பொடியும் இதில் அடங்கும், பத்து கிலோவைத் தாண்டும் கட்லாவும் அடங்கும். பாண்டியர் கொடியில் இருந்த கயலையும் கெண்டை என்றே கொள்வது வழக்கம். தமிழ்நாட்டின் ஏரி, கண்மாய், அணை, ஆறு, மலை ஏரி ஆகியவற்றில் கெண்டைகள் பிடிக்கப்படுகின்றன. ஒவ்வொரு நீரிலும் பிடிக்கும் கருவியும் காலமும் உரிமையும் வேறுபடுகின்றன. மீன் அந்த நீரிலேயே பிறந்ததா, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டதா என்பதே இந்த வேறுபாட்டுக்குப் பெரும் காரணம்.

மீன்கள்

சந்தையில் அதிகம் காணப்படும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் காவிரிக்கோ வைகைக்கோ உரியவை அல்ல. அவை வட இந்தியப் பேராறுகளிலிருந்து வந்தவை. தோப்பா மீன் என்றும் அழைக்கப்படும் கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதால் அது நீரின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்கிறது. ரோகு நடுமட்டத்தில் மேய்கிறது. வாய் கீழ்நோக்கிய மிர்கால் அடிமட்டத்துச் சேற்றில் இரை தேடுகிறது. மூன்றையும் ஒரே குளத்தில் விட்டாலும் இரைக்கான போட்டி குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இம்மூன்றும் மழைக்காலத்தில் வெள்ளம் புரளும் ஓடும் நீரில் முட்டையிடுபவை. தேங்கிய குளத்து நீரில் அவை பொதுவாக இனப்பெருக்கம் செய்வதில்லை. அதனால் முன்பு ஆறுகளில் குஞ்சுகளைச் சேகரித்துத்தான் குளங்களில் விட வேண்டியிருந்தது. 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்தி இம்மீன்களை முட்டையிடச் செய்தனர். அவர்கள் வெற்றி கண்ட ஜூலை 10-ஆம் நாள் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழகக் கண்மாய்களில் இன்று கட்லா கிடைப்பதற்கு அடித்தளம் இட்டது அந்த ஊசிதான்.

சேல்கெண்டை, கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை ஆகியவை காவிரியின் சொந்தக் கெண்டைகள்.

ஏரியும் கண்மாயும்

கண்மாய் பருவகால நீர்நிலை. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, சித்திரை வைகாசிக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். நல்ல குளத்தில் கட்லா ஓராண்டில் ஒரு கிலோ அளவுக்கு வளரக்கூடியது. ஆனால் கண்மாயில் அதற்கு ஐந்தாறு மாதங்களே கிடைக்கின்றன. மிகச் சிறிய குஞ்சுகளை விட்டால் விரால் போன்ற இரைகொல்லிகள் தின்றுவிடும். தப்பியவையும் தண்ணீர் வற்றுமுன் விற்பனைக்குரிய அளவை எட்டாது. எனவே விரலளவு வளர்ந்த குஞ்சுகளை, மழைநீர் வந்து சேர்ந்த உடனேயே விடுவதுதான் பயன் தரும்.

பல கண்மாய்களில் மீன் பிடிக்கும் உரிமை மீன்பாசி குத்தகையாக ஏலம் விடப்படுகிறது. குத்தகைதாரர் செலவு செய்து குஞ்சு விடுகிறார், கோடையில் இழுவலை போட்டு அறுவடை செய்கிறார். அதே தண்ணீர் பயிருக்கும் வேண்டும் என்பதால் பூசல் எழுகிறது. நீர் குறைந்தால்தான் மீனை வளைத்துப் பிடிக்க முடியும் என்பதால், மடையை முன்கூட்டியே திறந்து தண்ணீரை வெளியேற்றுவதாகக் குத்தகைதாரர்கள்மீது விவசாயிகள் புகார் கூறுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. மீனுக்கும் நெல்லுக்கும் ஒரே மடை இருக்கும்வரை இந்தப் புகார் ஓயப்போவதில்லை.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழா இதிலிருந்து வேறானது. அங்கே மீன் ஊர்ப்பொது. குறித்த நாள்வரை யாரும் கண்மாயில் இறங்குவதில்லை. விடியற்காலையில் சுற்றுவட்டார ஊர் மக்கள் கரையில் கூடி நிற்பர். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவர். முழங்கால் அளவு நீரில் ஊத்தா என்னும் கூடை பெரிதும் பயன்படுகிறது. மேலும் கீழும் திறந்த இக்கூடையின் அகன்ற வாயைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கைவிட்டு, உள்ளே அகப்பட்ட மீனை எடுப்பார்கள். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றுடன் விராலும் கெளுத்தியும் ஜிலேபியும் கிடைக்கும். கிடைத்த மீனை விற்காமல் வீட்டில் சமைப்பதும் உறவினருக்குக் கொடுப்பதும் மரபு. இப்படி மீன் பிடித்தால் அடுத்த ஆண்டு மழை பொய்க்காது என்பது ஊரார் நம்பிக்கை.

அணைகள்

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் தமிழ்நாட்டின் பெரிய உள்நாட்டு மீன்பிடித் தளங்களில் ஒன்று. இதன் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இவ்வளவு ஆழமும் பரப்பும் உள்ள நீரில் இழுவலையை இழுக்க முடியாது. எனவே மீனவர்கள் பரிசலில் சென்று மாலையில் செவுள் வலையைக் கட்டிவிட்டு, விடியற்காலையில் எடுக்கிறார்கள். மீன் தலையை வலைக்கண்ணுக்குள் நுழைத்து முன்னும் செல்ல முடியாமல், செவுள்மூடி மாட்டிக்கொள்வதால் பின்னும் வர முடியாமல் சிக்குகிறது.

கண்மாயில் மீன் எப்படியும் கோடையில் அள்ளப்பட வேண்டியதே. அணையிலோ நீர் முற்றிலும் வற்றுவதில்லை, மீன் பல ஆண்டுகள் வளரும். அதனால் இங்கே வலைக்கண்ணின் அளவு முக்கியமாகிறது. பெரிய கண் வலையில் கால்கிலோ கட்லா தங்காமல் வெளியேறி, பின்னர் பல கிலோ எடையில் பிடிபடும். சிறு கண் வலையைப் போட்டால் அன்றைய கூடை நிறையும், ஆனால் விடப்பட்ட குஞ்சுகளே மீண்டும் கரைக்கு வந்துவிடும். சிறு கண் வலைக்குத் தடை இருப்பது இதனால்தான். தோட்டா வெடித்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. வெடியில் செத்த மீன்களில் பெரும்பகுதி மூழ்கிவிடுவதால் அது திருட்டுக்கும்கூட வீண்தான். பவானிசாகர், சாத்தனூர், அமராவதி, ஆழியாறு போன்ற அணைகளில் மீன்பிடிப்பை மேலாண்மை செய்யும் பொறுப்பு தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்திடம் இருந்து வந்துள்ளது.

மலை ஏரிகள்

உதகை ஏரியில் இருப்பது சாதா கெண்டை. இதன் ஐரோப்பிய வகை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. உடலில் ஆங்காங்கே மட்டும் பெரிய செதில்கள் மின்னும் கண்ணாடிக் கெண்டை இவ்வகையைச் சேர்ந்தது. கட்லாவைப் போலன்றி இது தேங்கிய நீரிலேயே முட்டையிடும். ஒட்டும் தன்மையுள்ள முட்டைகளை நீர்த்தாவரங்களின்மேல் இடுகிறது. ஆகவே ஒருமுறை விட்டால் போதும், தானே பெருகிவிடும். குளிரில் வளர்ச்சி மெதுவாக இருக்கும். அடிச்சேற்றைக் கிளறி இரை தேடுவதால் இது பெருகிய ஏரிகளின் நீர் கலங்கலாகிறது. அதனால் பிற மீன்களுக்கு இது நல்ல அண்டைவீட்டான் அல்ல.

ஆறு

ஆற்றில் வீச்சுவலையும் தூண்டிலும் முதன்மையானவை. வீச்சுவலை ஓரளவு ஆழம் குறைந்த, கல்லும் முள்ளும் இல்லாத இடத்தில்தான் பயன்படும். மடுக்களில் தூண்டிலே வழி. கெண்டைகளுக்குத் தாடையில் பற்கள் இல்லை, இரையை அரைக்கும் பற்கள் தொண்டையில் உள்ளன. அவை இரையை விரால்போல் பாய்ந்து கவ்வாமல், உறிஞ்சிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் துப்பிவிடும். தக்கை முதலில் நடுங்குவதும் பின்னர் நகர்வதும் இதனால்தான். முதல் நடுக்கத்திலேயே சுண்டுபவருக்கு வெறும் முள்தான் கிடைக்கும். மாவு உருண்டை, புண்ணாக்கு, மண்புழு ஆகியவை வழக்கமான இரைகள்.

ஆற்று மீனவருக்குக் குத்தகைக் குஞ்சு இல்லை, ஆறு பெற்றுத் தரும் மீனே பிழைப்பு. அந்த மீன்தான் குறைந்துவருகிறது. காவிரியின் சொந்தக் கெண்டைகள் புதுவெள்ளத்தில் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி முட்டையிடுபவை. குறுக்கே எழுந்த அணைகள் அவற்றின் வழியை அடைத்தன, வெள்ளத்தின் காலத்தையும் மாற்றின. மேட்டூரில் ஒரு காலத்தில் பெருமளவில் கிடைத்த கருமுழிக் கெண்டையும் வெண்கெண்டையும் பின்னர் அரிதாயின. அந்த இடத்தைக் கட்லாவும் ஜிலேபியும் பிடித்துக்கொண்டன. மணல் அள்ளுவதால் ஆற்றுப்படுகை அழிவதும் ஆலைக்கழிவும் மீதமிருந்தவற்றையும் பாதித்தன. இதே குடும்பத்தைச் சேர்ந்த காவிரியின் திமில் மாசீர் மிக அருகிய இனமாக 2018-இல் அறிவிக்கப்பட்டது.

அண்மை ஆண்டுகளில் சேல்கெண்டை, கல்பாசு போன்ற நாட்டின மீன்களின் குஞ்சுகளையும் பண்ணைகளில் வளர்த்து ஆறுகளில் விடும் பணி தொடங்கியுள்ளது. ஆற்றில் விட்ட குஞ்சு வளர்ந்து முட்டையிட வேண்டுமானால், பருவத்தில் வெள்ளமும், மேலேறத் தடையற்ற சில கிலோமீட்டர் ஆறும் அதற்குத் தேவை.