சிரிப்பொலிக்கு நடுவே ஒரு மூச்சுத்திணறல்

அமெரிக்காவின் ‘தி பிக் பேங் தியரி’ தொடரில் 2008-ல் வந்த அத்தியாயம் ஒன்று. லெனர்டுக்குத் தெரியாமல் அவன் நண்பர்கள் பிறந்தநாள் விருந்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள். அதுவரை அவனை வீட்டுக்கு வரவிடாமல் எங்காவது பிடித்துவைக்க வேண்டும். கடலை ஒத்துக்கொள்ளாத ஹோவர்ட், கடலை சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொல்லி அவனை மருத்துவமனைக்கு இழுத்துப் போகிறான். விருந்துக்கு இன்னும் நேரம் தேவைப்படுகிறது. கடலை சேர்ந்த தின்பண்டம் ஒன்றை வாங்கித் தெரிந்தே தின்கிறான். முகமும் கையும் உப்புகின்றன. பின்னணியில் சிரிப்பொலி.

அந்த அத்தியாயத்தை எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனாலும் மூன்று செய்திகள் அதிலிருந்து பார்ப்பவர் மனதில் தங்கிவிடுகின்றன. ஒவ்வாமை என்று சொல்பவர் பொய் சொல்லக்கூடும். நிஜமாகவே சாப்பிட்டாலும் வீக்கத்தோடு போய்விடும். வீங்கிய முகம் வேடிக்கையானது. மூன்றுமே ஆபத்தானவை. முதல் செய்திதான் அதிக உயிர்களோடு விளையாடுகிறது என்பது என் கருத்து. ஏனென்றால் அந்தச் சந்தேகம் நம் வீடுகளிலும் இருக்கிறது. “ஒரு வாய்தானே, என்ன ஆகிடப்போகுது”, “எல்லாம் மனப்பிரமை”, “கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும்” என்று பாசத்தோடு சொல்லும் பெரியவர்கள் எந்தக் குடும்பத்தில் இல்லை?

கடுமையான ஒவ்வாமையில் உடலுக்குள் நடப்பது வேறு. கடலையையோ பாலையோ முட்டையையோ உடலின் எதிர்ப்பாற்றல் பகையாக எண்ணி, ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருட்களை ஒரே நேரத்தில் கொட்டிவிடுகிறது. தோலில் தடிப்பு வரலாம். தொண்டை அடைக்கலாம், மூச்சுக்குழல் சுருங்கலாம், விடாமல் வாந்தி வரலாம், ரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கி விழலாம். இதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர். தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமலும் இது வரும். திரையில் முகம் வீங்குவதை மட்டுமே பார்த்துப் பழகியவர், வீக்கமே இல்லாமல் ஒரு குழந்தை வெளிறிச் சோர்ந்து சரியும்போது ‘வெயில் ஒத்துக்கலை’ என்று நினைத்துக்கொள்வார்.

மருந்து விஷயத்தில் திரை சொல்லிக்கொடுப்பது இன்னும் மோசம். 2005-ல் வந்த ‘ஹிட்ச்’ படத்தில் கடல் உணவு ஒவ்வாமல் வில் ஸ்மித்தின் முகம் கோணிக்கொள்ளும். அவர் மருந்துக்கடைக்குப் போய் ஒவ்வாமை மருந்து ஒன்றைக் குடித்துவிட்டு போதையில் உளறுவார். தொலைக்காட்சியில் பலமுறை போட்ட படம் அது. அவர் குடிப்பது ஆன்டிஹிஸ்டமின் வகை. அரிப்பையும் தடிப்பையும் அது குறைக்கும். அடைத்த மூச்சுக்குழலைத் திறக்காது, சரிந்த ரத்த அழுத்தத்தை மேலே தூக்காது. அதைச் செய்யும் முதல் மருந்து அட்ரினலின்தான். தொடையின் வெளிப்புறத் தசையில் அதைப் போட வேண்டும். தாமதிக்கக் கூடாது.

2018 பிப்ரவரியில் ‘பீட்டர் ராபிட்’ வெளியானது. சின்னக் குழந்தைகளுக்கான படம். முயல்களோடு மோதும் தாமஸ் மெக்ரெகருக்கு பிளாக்பெர்ரி பழம் ஆகாது என்று முயல்களுக்குத் தெரியும். தெரிந்தே அந்தப் பழங்களைக் கவணில் வைத்து அவன்மீது அடிக்கின்றன. ஒரு பழம் அவன் வாய்க்குள் போய்விடுகிறது. அவன் தடுமாறி அட்ரினலின் ஊசியைத் தனக்குத்தானே குத்திக்கொள்கிறான், எழுந்து சண்டையைத் தொடர்கிறான். ‘கிட்ஸ் வித் ஃபுட் அலர்ஜீஸ்’ என்ற அமெரிக்க அமைப்பு பெற்றோரை எச்சரித்தது. பல நாடுகளில் கண்டனம் எழுந்தது. படம் வெளியான சில நாட்களிலேயே சோனி நிறுவனமும் படக்குழுவும் மன்னிப்புக் கேட்டன. ஊசி போட்ட கையோடு ஒருவன் துள்ளி எழுவது சாதாரணக் கதைச் சுதந்திரம் என்று விட்டுவிட முடியாது. அறிகுறிகள் அடங்கிய பிறகும் சில மணி நேரம் கழித்து அவை மீண்டும் தாக்கலாம். ஊசி போட்டவரை எழுப்பி நடக்கவிடுவதே ஆபத்து. கால்களை உயர்த்திப் படுக்கவைக்க வேண்டும். மூச்சுவிடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்காரவைக்கலாம். நம் ஊரில் என்றால் 108-ஐ அழைக்க வேண்டும். 5 முதல் 15 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டால் இரண்டாவது ஊசி தேவைப்படும். மருத்துவமனையில் சில மணி நேரம் கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டும்.

அந்தப் படத்துக்கு ஓராண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன், 2017 ஜூனில், லண்டன் பள்ளி ஒன்றில் பால் ஒவ்வாமை உள்ள 13 வயதுச் சிறுவன் மீது உடன்படித்த பையன் ஒரு துண்டு சீஸை வீசினான். அது கழுத்தில் பட்டது. சிறுவன் நிலைகுலைந்தான், சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தான். இது உயிரைப் பறிக்கும் என்று வீசியவனுக்குத் தெரியவில்லை என்பது பின்னர் நடந்த மரண விசாரணையில் வெளிவந்தது. பள்ளியில் இருந்த, இறந்த சிறுவனுடைய அட்ரினலின் ஊசி காலாவதியாகியிருந்ததும் தெரிந்தது. அந்தப் பையன் எந்தப் படத்தையும் பார்த்துவிட்டு வீசினான் என்று நான் சொல்லவில்லை. அவன் வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் திரையும் ஒன்று, அது சிரிக்கத்தான் சொல்லிக்கொடுத்தது என்பதே என் ஆதங்கம். நியூயார்க்கில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் அதன் பொருட்டே சீண்டப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வாமையை நகைச்சுவையாகக் காட்டும் காட்சிகளைப் பார்த்தவர்கள் அதன் தீவிரத்தைக் குறைத்து மதிப்பிட்டார்கள், பாதுகாப்பு விதிகளுக்கான அவர்களது ஆதரவும் அதனால் குறைந்தது என்று 2017-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

நன்றாக எடுக்க முடியாதா? முடியும். ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடரில் 2000-ல் வந்த அத்தியாயம் ஒன்றில் பில் என்ற ஒல்லிப் பையனுக்குக் கடலை ஆகாது. வகுப்பு முரடன் ஆலன் அதை நம்பவில்லை. பில்லின் சாண்ட்விச்சுக்குள் கடலையை ஒளித்துவைக்கிறான். பில் சுருண்டு விழுகிறான், மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கிறான். ஆலன் வந்து, தூங்குபவனிடம் பேசுவதுபோல் மன்னிப்புக் கேட்கிறான். இந்தக் கதையில் ஒவ்வாமை உள்ளவன் கோமாளி அல்ல. அவன் பேச்சை நம்பாததே குற்றம். ஒவ்வாமையைக் காட்டவே கூடாது என்று யாரும் கேட்கவில்லை, இப்படிக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இனி உரிமைகள். இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளின்படி, பொட்டலத்தில் அடைத்த உணவில் குளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா ஆகியவை இருந்தால் தனியாக அறிவிக்க வேண்டும். சல்ஃபைட் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதையும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கடை நடத்தும் உணவகங்கள் ஒவ்வாமைத் தகவலைத் தர வேண்டும். பட்டியலில் எள் இல்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் எள்ளைச் சேர்த்துவிட்டன. நல்லெண்ணெயும் எள்ளுருண்டையும் அன்றாடம் புழங்கும் நம் ஊருக்கு இது பெரிய ஓட்டை. லேபிளில் மறைத்திருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் புகார் தரலாம்.

பேனா வடிவ அட்ரினலின் ஊசி நம் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஒவ்வாமை உறுதியானவர்கள், ஆம்பியூலையும் சிரிஞ்சையும் கையாள்வது எப்படி, எடைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் நகல் வகுப்பாசிரியரிடமும் இருக்கட்டும். காலாவதித் தேதியை அதிலேயே குறித்துவையுங்கள். இங்கிலாந்தில் 2017 அக்டோபர் முதல் பள்ளிகள் மருத்துவச் சீட்டில்லாமலே உபரி ஊசி வாங்கி வைக்கலாம். நம் கல்வித் துறையிடமும் இதைக் கேட்க வேண்டும்.

திரையைப் பற்றிப் புகார் செய்யவும் வழி உண்டு. குழந்தைகளை இழிவுபடுத்தும் நிகழ்ச்சிகளுக்கு கேபிள் டிவி நிகழ்ச்சி விதிகளில் இடமில்லை. 2021-ல் திருத்திய விதிகளின்படி, முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 15 நாளில் முடிவு தர வேண்டும். திருப்தியில்லை என்றால் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கும், பிறகு அரசுக்கும் போகலாம். ஓடிடி தளங்களுக்கும் ஏறக்குறைய இதே படிகள்தான். பிரிட்டனில் வாழும் தமிழர்கள், ஒளிபரப்பான 20 வேலை நாட்களுக்குள், அங்கே ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஓஃப்காமுக்கு எழுதலாம். பிபிசி நிகழ்ச்சி என்றால் முதலில் பிபிசிக்கு. நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, அதில் மருத்துவரீதியாக எது தவறு என்று தெளிவாக எழுதுங்கள். ‘மனம் புண்பட்டது’ என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் காட்சியை நீக்கச் சொல்கிறீர்களா, மறுஒளிபரப்பில் எச்சரிக்கை வாசகம் போடச் சொல்கிறீர்களா என்பதையும் கடிதத்திலேயே கேளுங்கள்.