நாணற்காட்டுப் பாடகர்கள்

நுழையும்முன்

குழந்தை தாய்மொழியைக் கேட்டுக் கற்கிறது. பாடும் பறவைகள் பலவும் மூத்த பறவைகளின் பாட்டைக் கேட்டே கற்கின்றன. ஆயினும், நெருங்கிய உறவுடைய இரு பறவைகள்கூட ஒரே முறையில் கற்பதில்லை. வாழுமிடம் பாட்டைத் தீர்மானிக்கும் விந்தையை விளக்குகிறது இக்கட்டுரை.

உருவம் சிறிது; குரல் பெரிது

'ரென்' எனப்படுபவை பழுப்பு நிறச் சிறு பறவைகள். குட்டையான சிறகு, சற்றே வளைந்த மெல்லிய அலகு, நிமிர்ந்து நிற்கும் வால் ஆகியன இவற்றின் அடையாளங்கள். இக்குடும்பத்தில் 80க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. அந்த ஓரினம் ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல பகுதிகளிலும் பரவியுள்ளது. இமயமலைப் பகுதியிலும் வாழ்கிறது. இடுக்குகளில் புகுந்து இரைதேடும் இயல்பினால், 'குகைவாழ்நர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாக இக்குடும்பத்தின் அறிவியல் பெயர் அமைந்தது.

சதுப்பு ரென்

இக்குடும்பத்தில் நீர்நிலைகளை நாடிய பறவைகள் சில. வட அமெரிக்காவின் சதுப்பு ரென், சம்பும் கோரையும் அடர்ந்த நீர்நிலைகளில் வாழ்கிறது. இதன் எடை ஏறத்தாழ 12 கிராம். ஆண்பறவை நீருக்கு மேலே கோரைத் தண்டுகளைப் பிணைத்து, பக்கவாட்டில் வாயிலுடைய உருண்டைக் கூடுகள் பலவற்றைக் கட்டும். அவற்றுள் பெரும்பாலானவை முட்டையிடப் பயன்படுவதில்லை. அவை பெண்பறவையைக் கவர்வதற்கும் பகைவிலங்குகளை ஏமாற்றுவதற்கும் உதவுகின்றன என ஆய்வாளர் கருதுகின்றனர். பிற பறவைகளின் முட்டைகளை அலகால் குத்தி உடைக்கும் கடுமையும் இப்பறவைக்கு உண்டு.

அண்டைப் பறவைகளின் பாடல்களைக் கேட்டுக் கற்று, அதே பாடலால் மறுமொழி கூறுவது சதுப்பு ரென்னின் தனித்திறன். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஓர் ஆண்பறவை 100க்கும் மேற்பட்ட பாடல்களை அறிந்திருக்கும். கிழக்குப் பகுதிப் பறவை அறிந்தவை அதனினும் மிகக் குறைவு. பாட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியும் மேற்குப் பறவைகளுக்கே பெரிதாக உள்ளது.

கோரை ரென்

சதுப்பு ரென்னின் நெருங்கிய உறவான கோரை ரென், ஆழமற்ற ஈரப் புல்வெளிகளில் வாழ்கிறது. மழை பொய்த்தால் அப்புல்வெளி வறண்டுவிடும், மிகுந்தால் மூழ்கிவிடும். ஆகவே, இப்பறவை ஆண்டுதோறும் இடம் மாறுகிறது. இதன் அண்டைப் பறவைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. நிலையான அண்டையர் இல்லாதபோது அவர்தம் பாட்டைக் கற்பதால் பயனென்ன?

அமெரிக்கப் பறவையியல் அறிஞர் டொனால்டு குரூட்ஸ்மா இதனை ஆராய்ந்தார். குஞ்சுப் பருவத்திலேயே எடுத்து வளர்க்கப்பட்ட கோரை ரென்கள், தமக்குக் கேட்பிக்கப்பட்ட பாடல்களைப் பின்பற்றவில்லை. தாமாகவே பாடல்களைப் புனைந்தன. ஆனால், கோஸ்டாரிக்கா, பிரேசில் ஆகிய நாடுகளில் ஓரிடத்திலேயே தங்கி வாழும் இதன் உறவுப் பறவைகள் அண்டையர் பாடல்களைக் கற்றுப் பாடின. நிலைத்து வாழ்வோர் கற்கின்றனர். அலைந்து திரிவோர் புனைகின்றனர்.

நிலம் அழிந்தால்

பாட்டின் வேர் நிலத்தில் உள்ளது. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1780களுக்கும் 1980களுக்கும் இடையில் ஈரநிலங்களில் பாதிக்கும் மேல் அழிந்தன. வேளாண்மைக்காக வடிகால் வெட்டியதே இதற்கு முதன்மைக் காரணம். கொலம்பியாவின் மலைச் சதுப்புகளில் மட்டுமே வாழும் அப்போலினார் ரென் இன்று அழியும் நிலையில் உள்ளது.

சதுப்பு வற்றினால், கூட்டோடு அங்குக் கேட்டுக் கற்ற பாடல்களும் மறையும். இடம் மாறி வாழப் பழகிய கோரை ரென்னும், சென்றடைய மற்றோர் ஈரநிலம் இருந்தால்தான் பிழைக்கும். நீர்நிலையைக் காப்பது நீரை மட்டும் காப்பதன்று. தலைமுறை தலைமுறையாகக் கற்கப்படும் ஒரு கலையையும் காப்பதாகும்.