தரகர் ஒப்பந்தம் இருக்கும்போது வீட்டை நேரடியாக விற்றல்

தரகர் ஒப்பந்தம் இருக்கும்போது வீட்டை நேரடியாக விற்றல் என்பது, வீட்டை விற்றுத் தருமாறு ஒரு தரகரிடம் ஒப்புக்கொண்ட உரிமையாளர், அந்த ஏற்பாடு நடப்பில் இருக்கும்போதே தாமே வாங்குபவரைக் கண்டுபிடித்து விற்பதைக் குறிக்கும். இந்தியாவில் இதைத் தடை செய்யும் சட்டம் எதுவும் இல்லை. வீட்டின் உரிமை தரகருக்கு மாறுவதில்லை என்பதால் நேரடி விற்பனை செல்லும். ஆனால், விற்பனையில் பங்கில்லாத தரகருக்குக் கமிஷன் தர வேண்டுமா என்ற கேள்வி எழும். அதற்கான விடை, ஒப்பந்தத்தின் சொற்களையும் வாங்குபவரை யார் அழைத்து வந்தார் என்பதையும் பொறுத்தது.

சென்னையில் உள்ள நடைமுறை

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் பழைய வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெரும்பாலும் தரகர்கள் வழியாகவே கைமாறுகின்றன. விற்பனை விலையில் 1 முதல் 2 சதவீதம் வரை கமிஷன் பேசுவது வழக்கம். விற்பவர், வாங்குபவர் ஆகிய இரு தரப்பிலும் கமிஷன் பெறப்படுவதுண்டு. ஒரே வீட்டைப் பல தரகர்களிடம் வாய்மொழியாகச் சொல்லி வைப்பதும், அவர்கள் தங்களுக்குள் கமிஷனைப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு.

அதே நேரத்தில் நேரடி விற்பனைக்கான வழிகளும் இங்கு ஏராளம். மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் போன்ற வட்டார வார இதழ்களின் வரி விளம்பரங்கள், நோபுரோக்கர் போன்ற இணையதளங்கள், குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுக்கள் ஆகியவை அவற்றுள் சில. இதனால், தரகரிடம் கையெழுத்திட்ட பிறகு பக்கத்து வீட்டுக்காரரோ உறவினரோ வாங்க முன்வருவது அரிதான நிகழ்வு அல்ல.

ஒப்பந்த வகைகள்

தரகர் ஒப்பந்தங்களை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

பொது ஏற்பாடு: பல தரகர்களிடம் சொல்லலாம்; உரிமையாளரும் விற்கலாம். விற்பனையை முடித்துக் கொடுத்தவருக்கு மட்டுமே கமிஷன். வாய்மொழி ஏற்பாடுகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை.

தனி முகவர் ஏற்பாடு: குறிப்பிட்ட காலத்துக்கு வேறு தரகரை அமர்த்தக் கூடாது. ஆனால் உரிமையாளர் தாமே தேடிய நபருக்கு விற்றால் பொதுவாகக் கமிஷன் இல்லை.

தனி விற்பனை உரிமை: குறிப்பிட்ட காலத்துக்குள் வீட்டை யார் விற்றாலும், உரிமையாளரே விற்றாலும், தரகருக்குக் கமிஷன் உண்டு.

இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டின் விதிமுறைகள், பிந்தைய இரண்டு வகைகளின் பொருளையும் தரகர் எழுத்து மூலம் விளக்க வேண்டும் என்கின்றன. இந்தியாவில் அத்தகைய வரையறை இல்லை. 'எக்ஸ்க்ளூசிவ்' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதினால், அது இரண்டாம் வகையா மூன்றாம் வகையா என்பதிலேயே தகராறு தொடங்கும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம்

உரிமையாளருக்கும் தரகருக்கும் உள்ள உறவு, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகமை பற்றிக் கூறும் 182 முதல் 238 வரையிலான பிரிவுகளுக்கு உட்பட்டது. இங்கு முக்கியமானவை:

பிரிவு 203: தரகர் தமக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தைப் பயன்படுத்தி உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் செயலைச் செய்வதற்கு முன், உரிமையாளர் அந்த அதிகாரத்தைத் திரும்பப் பெறலாம்.

பிரிவு 205: குறிப்பிட்ட காலத்துக்கு முகமை தொடரும் என்று ஒப்பந்தம் இருந்து, போதிய காரணமின்றி இடையில் முறித்தால் இழப்பீடு தர வேண்டும்.

பிரிவு 206: திரும்பப் பெறுவதற்கு நியாயமான முன்னறிவிப்புத் தர வேண்டும், தராவிட்டால் அதனால் ஏற்படும் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும்.

பிரிவு 207: அதிகாரத்தைச் சொல்லாலும் திரும்பப் பெறலாம், செயலாலும் திரும்பப் பெறலாம். ஒருவர் தம் வீட்டை வாடகைக்கு விடும் அதிகாரத்தை மற்றொருவருக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் தாமே வாடகைக்கு விட்டால், அந்த அதிகாரம் மறைமுகமாக நீங்கிவிடும் என்பது சட்டமே தரும் எடுத்துக்காட்டு. வீட்டைத் தாமே விற்பதற்கும் இதே தர்க்கம் பொருந்தும்.

பிரிவு 219: தனி ஒப்பந்தம் இல்லாதபோது, ஒப்படைத்த வேலை முடியும் வரை முகவருக்கு ஊதியம் சேராது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், காலக்கெடுவோ தனி நிபந்தனையோ இல்லாத பொது ஏற்பாட்டில், தரகரின் பங்கின்றி நடந்த விற்பனைக்கு அவர் கமிஷன் கோருவது கடினம். காலக்கெடுவும் தனி விற்பனை உரிமையும் எழுத்தில் இருந்தால் கோரிக்கை வலுப்பெறும். அப்போதும், ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு அபராதம் என்று எழுதப்பட்ட தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. பிரிவு 74இன்படி அந்தத் தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டை நீதிமன்றம் தீர்மானிக்கும்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

1941இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை, திரையரங்குகளின் விற்பனை தொடர்பான லக்ஸர் வழக்கில், விற்பனை முடிந்தால்தான் கமிஷன் என்று ஒப்பந்தம் இருக்கும்போது, உரிமையாளர் விற்பனையிலிருந்து பின்வாங்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் மறைந்திருப்பதாகக் கொள்ள முடியாது என்று கூறியது. முயற்சி வீணாகும் இடரையும் சேர்த்தே தரகர் ஏற்கிறார் என்பது அதன் கருத்து.

1950இல் இந்திய உச்ச நீதிமன்றம், கல்கத்தாவில் ஒரு வீட்டு விற்பனை தொடர்பான அப்துல்லா அகமது வழக்கில் தரகருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதில் தரகர் வாங்குபவர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். உரிமையாளரோ அந்த வாங்குபவர்கள் முன்னிறுத்திய நபர்களுக்கே பின்னர் வீட்டை விற்றார். வாங்குபவரைப் பிடித்துத் தருவதே ஒப்புக்கொண்ட வேலை என்பதால், தரகர் தம் பங்கை முடித்துவிட்டார், கமிஷன் உண்டு என்று நீதிமன்றம் கூறியது. வாங்குபவரைத் தேடித் தரும் பொறுப்பு மட்டும் உள்ள தரகருக்கு, உரிமையாளர் சார்பில் விற்பனை ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் கிடையாது என்பதும் இந்தத் தீர்ப்பிலிருந்து தெளிவாகிறது.

ஆகவே, தரகர் காட்டிய நபரே சில நாள் கழித்து நேரில் வந்து, கமிஷனை மிச்சப்படுத்தலாம் என்று அழைத்தால், உரிமையாளர் அதை நேரடி விற்பனையாகக் கருத முடியாது. வாட்ஸ்அப் செய்திகள், குடியிருப்பு வாயிலில் உள்ள வருகைப் பதிவேடு போன்றவை, அவரைத் தரகரே அழைத்து வந்தார் என்பதற்குச் சான்றாக அமையலாம்.

தொகையின் அளவு

எடுத்துக்காட்டாக, அடையாற்றில் ஒரு அடுக்குமாடி வீடு 1.5 கோடி ரூபாய்க்கு விற்கப்படுவதாகக் கொள்வோம். 2 சதவீதக் கமிஷன் 3 லட்சம் ரூபாய் ஆகும். தரகர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராயின் 18 சதவீத வரியாக மேலும் 54,000 ரூபாய் சேரும். நேரடியாக விற்றதால் மிச்சம் என்று நினைத்த 3,54,000 ரூபாய், கவனிக்காத ஒரு வரியால் கைவிட்டுப் போகலாம்.

தரகு ஒப்பந்தம் போலத் தோன்றும் ஆவணங்கள்

சில நேரங்களில் இடைத்தரகர் சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து, தம் பெயரிலேயே 'அக்ரிமென்ட்' போட்டுக்கொள்கிறார். இது தரகு ஏற்பாடு அல்ல, விற்பனை ஒப்பந்தம். இதை மீறி வேறொருவருக்கு விற்றால், ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரி 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரலாம். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியும்.

அதுபோலவே, பொது அதிகார ஆவணமான 'பவர்' கொடுத்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாக ரத்துப் பத்திரம் பதிந்து, பெற்றவருக்கும் தெரிவிக்க வேண்டும். தரகர் தம் கடனுக்கோ முன்பணத்துக்கோ ஈடாக அந்தச் சொத்தில் நலன் கொண்டிருந்தால், பிரிவு 202இன்படி அவருக்குப் பாதகமாக முகமையை முடிக்க இயலாது.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் உள்ள மனைகளையும் வீடுகளையும் விற்க உதவும் முகவர்கள் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். மயிலாப்பூரில் உள்ள ஒரு பழைய வீட்டின் மறுவிற்பனை பொதுவாக இதற்குள் வராது. அங்கு ஒப்பந்தச் சட்டமே அளவுகோல்.

உரிமையாளர் கவனிக்க வேண்டியவை

கையெழுத்திடும் முன், உரிமையாளரே விற்றால் கமிஷன் இல்லை என்ற வாக்கியத்தைச் சேர்க்கலாம். ஏற்கனவே விசாரித்துள்ள உறவினர், அண்டை வீட்டார் ஆகியோரின் பெயர்களை விலக்குப் பட்டியலாக இணைக்கலாம். ஒப்பந்தக் காலம், முன்னறிவிப்பு நாட்கள், காலம் முடிந்த பின் தரகர் காட்டியவருக்கு விற்றால் எத்தனை மாதம் வரை கமிஷன் உண்டு என்பவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். கூட்டு உரிமையுள்ள பூர்வீக வீட்டில், உரிய அதிகாரமின்றி ஒருவர் மட்டும் இட்ட கையெழுத்து மற்ற பங்குதாரர்களைக் கட்டுப்படுத்தாது.

கையெழுத்திட்ட பின் நேரடியாக வாங்குபவர் கிடைத்தால், முன்பணம் பெறும் முன்பே தரகருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதும், அதுவரை அவர் அழைத்து வந்தவர்களின் பட்டியலைக் கேட்டுப் பெறுவதும் பயன்தரும். பல ஏற்பாடுகள் விளம்பரச் செலவையும் உழைப்பையும் ஈடுசெய்யும் ஒரு தொகையில் சுமுகமாக முடிகின்றன. அப்படி முடித்தால், பாக்கி எதுவும் இல்லை என்று தரகரிடம் எழுதி வாங்கி, விற்பனைப் பத்திரத்தின் நகலோடு வைத்துக்கொள்வது பிற்காலத் தகராறுகளைத் தவிர்க்கும்.